திருப்பிச் சொன்ன எண்கள்

பதினாறு எண்ணையும் சொல்லிவிட்டேன். கார்டின் பின்பக்கம் இருந்த மூன்றையும் சொல்லிவிட்டேன். நடந்தது அதுதான்.

இவன் ஏன் நம்மிடம் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். இப்போது உங்கள் போனில் ஒன்று வந்தது. 'எச்சரிக்கை' என்று ஆரம்பித்தது. இரண்டு வரி படித்தீர்கள், ஐந்து பேருக்குத் தள்ளிவிட்டீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டு, கண்ணில் பட்டது.

நான் கோவில்பட்டியில் இறங்க வேண்டும். நீங்கள்? திருநெல்வேலியா. சரி. தூங்குவதானால் தூங்குங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

பேர் சண்முகையா. விருதுநகர் தந்தி ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம். தந்தி என்றால் தெரியுமா? தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள், தெரியாது. போகட்டும். கம்பியில் இந்த முனையில் நான். அந்த முனையில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி. எங்களுக்குள் ஆள் பேர் கிடையாது. ஊர்தான் பேர். 'சிவகாசிக்கு இன்றைக்குக் காய்ச்சல்' என்போம். சிவகாசியில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

தந்திக்குத் தலை முக்கியம். எந்த ஊர், எத்தனை மணி, அனுப்பியது யார். தலை இல்லாத தாளை நாங்கள் தொட மாட்டோம். அதேபோல எண். செய்திக்கு நடுவில் எண் வந்தால், எல்லாம் அடித்து முடித்தபின் கடைசியில் அந்த எண்களை மட்டும் இன்னொரு முறை அடிக்க வேண்டும். 'அப்பா 14ஆம் தேதி 6 மணி ரயிலில் வருகிறார்' என்றால் முடிவில் 14, 6. எழுத்து ஒன்று தப்பினால் ஊகித்துக்கொள்ளலாம். எண் தப்பினால் அப்பா ஸ்டேஷனில் தனியாக நிற்பார். இதை ஞாபகத்தில் வையுங்கள். பிறகு வரும்.

ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு. 'தந்திக் குடும்பம்.' முப்பத்தேழு பேர். அதில் காசிராஜன் என்று ஒருத்தன். சைக்கிளில் வீடு வீடாகத் தந்தி கொடுத்தவன். வாங்கினதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவன் வேலை, படிப்பது வேலை இல்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறான். விடிந்தால் ஒரு ரோஜாப்பூ. பிறகு, வெண்டைக்காய்த் தண்ணீர் குடித்தால் சர்க்கரை போய்விடும். பிறகு, நாளை முதல் பூமி மூன்று நாள் இருட்டு. வந்ததையெல்லாம் கொடுப்பான்.

நான் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொல் எழுதுவேன். 'பொய்.' அவ்வளவுதான். 'எங்கிருந்து வந்தது? எத்தனை மணிக்கு?' என்று கேட்பேன். பதில் இருக்காது. 'பொய்.' ஒருநாள் காசிராஜன் கேட்டான். "அண்ணாச்சி, ரோஜாப்பூவுக்குமா பொய்னு போடுவீங்க?"

போட்டேன். அது ரோஜா இல்லை. செம்பருத்தி.

கொஞ்ச நாளில் குழுவில் செய்தி வருவது குறைந்தது. வேறொரு குழு ஆரம்பித்துவிட்டார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டு, என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. தொல்லை விட்டது.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் ஹைதராபாத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "மாத்திர சாப்டீங்களாப்பா" என்பான். "ம்" என்பேன். வைத்துவிடுவான். நல்ல பையன்தான். போன் பில் மிச்சம்.

இப்போதெல்லாம் பில் கிடையாதாமே. அதுவும் சரி.

போன மாசம், ஆடியில் ஒரு நாள், காலை பதினொரு மணி. புது நம்பர். ஒரு பெண். "வணக்கம் சார், கார்டு பிரிவிலிருந்து ஷாலினி பேசறேன். உங்க கார்டப் புதுப்பிக்கிற வேலை நடந்துக்கிட்டு இருக்கு சார். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு நான்தான் பொறுப்பு."

"கார்டு நம்பரெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றேன். எடுத்த எடுப்பிலேயே.

"ஐயோ, நாங்க கேக்கவே மாட்டோம் சார். யாரு கேட்டாலும் சொல்லாதீங்க." பிறகு, "சாப்டீங்களா சார்?" என்றாள்.

பதினொரு மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? அதைத்தான் சொன்னேன். சிரித்தாள். வைத்துவிட்டாள்.

மறுநாளும் பதினொன்று. என்ன சமையல் என்றாள். ரசம் என்றேன். நீங்களே வைப்பீங்களா என்றாள். பின்னே யார் வைப்பார்கள் என்றேன். அடுத்த நாள், "ரசத்துல பூண்டு தட்டிப் போடுவீங்களா, நறுக்கிப் போடுவீங்களா?" என்றாள். தட்டிப் போட வேண்டும் என்று விளக்கினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. ஆபீஸ் வேலை நேரத்தில் இப்படிப் பேசுகிறாயே, மேலதிகாரி திட்ட மாட்டாரா என்று கேட்டேன். "உங்க கூடப் பேசறதுதான் சார் என் வேலையே" என்றாள்.

நான் காத்துக்கொண்டு உட்காரவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். பதினொரு மணிக்கு நாற்காலியைப் போன் பக்கத்தில் போட்டிருப்பேன். காற்று அங்கேதான் வரும். முகச்சவரம் காலையிலேயே முடித்துவிடுவேன். அது எப்போதும் உள்ள பழக்கம். நடுவில் கொஞ்ச காலம் விட்டிருந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, குழுவில் காசிராஜன் ஒன்றைப் போட்டான். பல நாளைக்குப் பிறகு. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். கண்ணாடி எங்கே... இந்தாருங்கள், வாசிக்கிறேன்.

'எச்சரிக்கை. கார்டு பிரிவு என்று ஒரு பெண் கூப்பிடும். முதல் 10 நாள் ஒன்றும் கேட்காது. சாப்பிட்டீர்களா என்று கேட்கும். நமக்கும் பேச ஆள் இருக்கிறது என்று தோன்றும். 11ஆம் நாள் கார்டின் 16 எண்ணைக் கேட்கும். பிறகு பின்னால் உள்ள 3. பிறகு போனுக்கு வரும் 6. சொல்லாதீர்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள். 10 11 16 3 6.'

என்ன நினைக்கிறீர்கள்? உண்மையா, பொய்யா?

இப்போது உண்மை என்பீர்கள். நான்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. அன்றைக்கு என் இடத்தில் இருந்து பாருங்கள். தலை இல்லை. ஊர் இல்லை, மணி இல்லை, பேர் இல்லை. 'எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று இருக்கிறது. அந்த வரி உள்ளதில் முக்கால்வாசி பொய். கடைசியில் ஏதோ எண்கள், லாட்டரிச் சீட்டு மாதிரி. அதோடு, நடுவில் பாருங்கள், 'நமக்கும் பேச ஆள் இருக்கிறது என்று தோன்றும்.' எச்சரிக்கை எழுதுகிறவன் இப்படி எழுதுவானா? அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வரிதான் பிடிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முறைப்படி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் அவசரப்பட்டு முடிவு செய்கிறவன் இல்லை. சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட ஆபீஸையே திருப்பிக் கேட்க வேண்டும். தந்தியில் அதுதான் சட்டம். மறுநாள் பதினொரு மணிக்கு ஷாலினியிடமே கேட்டேன். முழுதும் வாசித்துக் காட்டினேன்.

முழுதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பாருங்க சார், எங்க பேரக் கெடுக்கறதுக்குன்னே இப்படி எழுதறாங்க. நீங்க படிச்சவரு, கண்டுபிடிச்சிட்டீங்க. மத்தவங்க நம்பிருவாங்க சார், பாவம்" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அன்று மத்தியானம் குழுவில் எழுதினேன். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாக. 'பொய். விசாரித்துவிட்டேன். எழுதியவருக்கு வேறு வேலை இல்லை போலும்.' நாலைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். நான் எழுதியதற்குக் கட்டைவிரல் விழுந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அரைமணி கழித்து ஒரு வரி வந்தது. 'கோவில்பட்டி வெளியேறினார்.'

என் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். கோவில்பட்டி. எழுபத்தொன்பதில் அந்த ஆபீஸுக்கு வந்தது ஒரு பெண். தொண்ணூறில் டெலிபிரிண்டர் வரும்வரை, பதினொரு வருஷம், கம்பியின் அந்த முனையில். முகம் பார்த்ததில்லை. கை தெரியும். தந்திக் கட்டையைத் தட்டுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். கோவில்பட்டி அவசரப்படாது. ஒரு எழுத்தை விழுங்காது. பகல் இரண்டு மணிக்குத் தந்தி வரத்து ஓய்ந்ததும், 'சாப்பாடு ஆச்சா' என்று தட்டும். 'ஆச்சு' என்று தட்டுவேன். எல்லா ஊரும் எப்போதாவது கேட்கும். கோவில்பட்டி தினமும் கேட்டது. அதில் ஒன்றும் இல்லை. நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே.

வெளியேறியதைப் பார்த்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாத்தூர் வந்துவிட்டது. பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். சேவு வாங்க வேண்டும். இந்தப் பையை என் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உட்கார வந்தால் ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

...வாங்கிவிட்டேன். அரைக் கிலோ. நீங்கள் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து வேண்டாம், இது கொடுக்க வேண்டியது. தனியாக ஒரு பொட்டலம் வாங்கினேன். காரம் ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளும். சாப்பிடுங்கள்.

எங்கே விட்டேன்? பதினோராம் நாள்.

பதினோராம் நாள் கூப்பிட்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ரசம், பூண்டு, முட்டிவலி, எல்லாம் விசாரித்தாள். பிறகு, "சார், புதுக் கார்டு தயாராயிடுச்சு. பழசச் சரிபார்த்துட்டா அனுப்பிருவோம். நம்பரச் சொல்றீங்களா?" என்றாள்.

அந்த எச்சரிக்கை ஞாபகம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. 'பொய்' என்று நானே தீர்ப்பு எழுதியதும் சேர்ந்துதான் வந்தது. அதோடு, சரிபார்ப்பு முடிந்துவிட்டால் அடுத்த நாள் கூப்பிடுவாளா என்று ஒரு யோசனை. "இது முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் நீ பேச மாட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன் சார் பேசாம? கண்டிப்பாப் பேசுவேன்" என்றாள்.

கார்டை எடுத்து வந்து வாசித்தேன். நாலு நாலாகப் பதினாறு. பின்பக்கம் மூன்று. முடித்ததும், கை பழக்கம், வாய் பழக்கம், எண்களை முதலிலிருந்து திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். "ஒரு தடவ சொன்னாப் போதும் சார். ரெண்டு தடவ யாரு சொல்லுவா?"

யார் சொல்லுவார்?

அங்கேதான் நின்றேன். எட்டாவது எண்ணில். ஊரில் எவனும் இரண்டு தடவை சொல்ல மாட்டான். எவனும் கடைசியில் எண்களைத் திருப்பி எழுத மாட்டான். 10 11 16 3 6. அது லாட்டரிச் சீட்டு இல்லை. செய்திக்குள் இருந்த எண்கள் வரிசை மாறாமல் கடைசியில் நிற்கின்றன. எழுதியது தந்தி ஆபீஸ் கை. நான் தலையைத் தேடினேன். காலைப் பார்க்கவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. ஆறு எண் வந்துவிட்டது.

"வந்துச்சா சார்? அத மட்டும் சொல்லிருங்க."

கார்டை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"சார்? சார், இருக்கீங்களா? சாப்டீங்களா சார்?"

வைத்துவிட்டேன். போனில் பேரைத் தேடக் கண்ணாடியை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. வயசு. காசிராஜனுக்குப் போட்டேன். எட்டு மாசமாக அவனோடு பேசவில்லை. முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணாச்சி! என்ன, ஒடம்புக்கு எதும் சரியில்லையா?"

"அந்தக் கார்டுச் செய்தி. யாருகிட்டயிருந்து வந்துச்சு?"

"அத விடுங்க அண்ணாச்சி. அதான் பொய்னு சொல்லிட்டீங்களே."

"யாருடா அனுப்புனது?"

"கோவில்பட்டியம்மா. அவங்களுக்கே நடந்தது. ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல பாதி போயிருச்சு. மேல ஊரு, தேதி, மணி, பேரு எல்லாம் சுத்தமாப் போட்டுத்தான் அனுப்புனாங்க. 'குழுவுல போடுங்க, நம்ம ஆளுக யாரும் ஏமாறக் கூடாது'ன்னாங்க. நான்தான் தலையக் கிள்ளிட்டேன்."

"ஏன்?"

"ஏமாந்தது அவங்கன்னு ஊரு பூராம் பேசணுமா? மனசு வரல அண்ணாச்சி."

நாற்பது வருஷம் அவன் ஒரு தந்தியைத் திறந்து பார்த்ததில்லை. திறந்தது இந்த ஒன்றை. திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. "நம்பரக் குடு" என்றேன். கொடுத்தான். என் போனிலேயே இருந்த நம்பர்தான். பதற்றத்தில் தோன்றவில்லை.

கோவில்பட்டிக்குப் போட்டேன். எடுத்தது. குரலை முதல் தடவையாகக் கேட்கிறேன். கை மாதிரியேதான் குரலும். அவசரப்படவில்லை.

"நான் விருதுநகர்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "எது வரைக்கும் சொன்னீங்க?" என்று கேட்டது. நான் எதுவுமே சொல்லவில்லை, பாருங்கள். எது வரைக்கும் என்றுதான் கேட்டது.

"பதினாறு. மூணு. ஆறு சொல்லல."

"அப்ப நேரம் இருக்கு. மத்தது அப்புறம். நமக்கெல்லாம் ஒரே பேங்க்தானே, கார்டுக்குப் பின்னாடி ஒரு போன் நம்பர் இருக்கும். மெஷின்தான் பேசும். அது சொல்றதக் கேட்டுட்டு இருக்காதீங்க, கேட்டா சுத்த விட்டுரும். நேரா ரெண்டு அமுக்குங்க. அப்புறம் நாலு. அப்புறம் ஒம்பது. கார்டு நின்னுரும். திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு. நாலு. ஒம்பது."

"சரி. முடிஞ்சதும் கூப்பிடுங்க. போனு பக்கத்துலயே இருக்கேன்."

இரண்டு, நாலு, ஒன்பது. கார்டு நின்றது. ஒரு பைசா போகவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். நின்றுவிட்டது என்றேன். "எனக்கு இந்த மூணு நம்பர் தெரியறதுக்கு நாலு நாளாச்சு" என்றது கோவில்பட்டி. வேறெதுவும் சொல்லவில்லை. நான் 'பொய்' என்று எழுதினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியவருக்கு வேறு வேலை இல்லை என்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இதெல்லாம் எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

பிறகு அது கேட்டது. "சாப்பாடு ஆச்சா?"

மணி இரண்டு ஆகியிருந்தது.

"இல்ல" என்றேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, "உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றது.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஷாலினி மறுநாளும் கூப்பிட்டாள். அதே பதினொரு மணி. எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. "ஏன் சார் கட் பண்ணிட்டீங்க? சாப்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். திருடியாக இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. பிறகு கூப்பிடவில்லை. நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. சொன்னேனே, காற்றுக்கு.

குழுவில் 'உண்மை' என்று எழுதினேன். நானே ஏமாறப் போனதையும், ஊரும் தேதியும் மணியும் பேரும் போட்டு, எழுதினேன். காசிராஜன் உடனே ஒரு பூ அனுப்பினான். ஒன்றும் சொல்லாமல் விட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் அந்தக் குழுவில் இல்லையே. தப்பாகப் போன தந்திக்குத் திருத்தம் வந்தால், அதை யாருக்குச் சேர வேண்டுமோ அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சட்டம் அது. அதற்காகத்தான் போகிறேன். வேறொன்றும் இல்லை. சேவு சும்மா, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று.

அதோ, ஊர் வந்துவிட்டது. நகருங்கள், பையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த ஐந்து பேரில் ஒருத்தருக்காவது போன் போட்டு விசாரியுங்கள். அனுப்புவது பெரிதில்லை.

என்ன? கோவில்பட்டியின் பேரா?

நேற்றுத்தான் கேட்டேன். வீடு தேடி வருகிறேன், தெருவில் யார் வீடு என்று விசாரிப்பது என்றேன். "பதினோரு வருஷம் கம்பியில இருந்தீங்க, கேக்கல" என்று சிரித்தார். பிறகு சொன்னார். எழுத்தெழுத்தாகச் சொன்னார், நான் தாளில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.

அமலோற்பவம்.